வாடகைப் படமும் ஒருவரித் தீர்ப்பும்

திரைப்படம் பார்த்து முடிப்பவர் எவரும் தீர்ப்பொன்று சொல்லாமல் எழுவதில்லை. ‘பரவாயில்லை’, ‘அழவைத்துவிட்டது’, ‘மெதுவாகப் போகிறது’, ‘கதையே இல்லை’ என்று ஒரே வரியில் அத்தீர்ப்பு அமைந்துவிடும். இவற்றைத் திறனாய்வு என்று அறிஞர் ஒப்புவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் கலைகளைப் பற்றிப் பேசும் பேச்சில் மிகப்பெரும் பகுதி இத்தகைய ஒருவரித் தீர்ப்புகளே. நூல்வடிவு பெறும் திறனாய்வைப் படிப்பவர் சிலர். ஒருவரித் தீர்ப்பையோ ஊரே கேட்கும். அதன்வழி ஊரே நடக்கும். ஆகவே, அத்தீர்ப்பு எவ்வாறு பிறக்கின்றது, அதனுள் என்ன பொதிந்துள்ளது, எதனை அது தவறவிடுகின்றது என்று ஆராய்வது தமிழ் கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் பயனுடைய முயற்சியாகும்.

ஒளிநாடாக்களை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலமே இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற காலம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிலாளர் குடியிருப்புகளே அதற்கேற்ற களம்.

சுங்கை வேயும் ஒளிநாடாவும்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் ஒரு பகுதியாக அமைந்திருப்பது சுங்கை வே. அவசரகாலத்தில் சீனப் புதுக்கிராமமாக உருவாகிய இவ்வூர், 1970-களில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தபின் மின்னணுத் தொழிற்சாலைகளின் ஊராயிற்று. இன்று ஸ்ரீ செத்தியா என்னும் பெயர் வழங்கினும், பழைய பெயர் மக்கள் நாவினின்று அகலவில்லை. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞரும் இளம் பெண்களும் இத்தகைய தொழிற்பேட்டைகளை நாடி வந்தனர். பால்மரத்துக்குப் பதில் இயந்திரமும், பிரட்டுக்களத்துக்குப் பதில் முறைவேலையும் அவர்தம் வாழ்வாயின.

தோட்டத்தில் இருந்தவரை படம் பார்ப்பது கூட்டமாகக் கூடிச் செய்யும் செயல். திடலில் திரை கட்டிப் படம் காட்டினால் தோட்டமே திரண்டு வரும். நகருக்கு வந்தபின் திரையரங்கம் அவ்விடத்தைப் பெற்றது. கோலாலம்பூரின் கொலிசியம் அரங்கு இந்தியப் படங்களுக்குப் பெயர் பெற்ற இடமாக விளங்கியது. ஆயின், இரவு முறையில் உழைத்துப் பகலில் உறங்குவோர்க்கு அரங்கின் காட்சி நேரம் ஒத்துவருவதில்லை. 1978-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றது எனினும், அதில் தமிழ்ப் படத்துக்குக் கிடைத்த நேரம் சிறிதே. இவ்விடைவெளியை நிரப்பியது ஒளிநாடா. 1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். நாடா, 1980-களில் இந்நாட்டு இல்லங்களுக்குள் பரவிற்று. கடைவரிசைகளில் வாடகைக் கடைகள் தோன்றின. சில வெள்ளி கொடுத்துப் படத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். வேலை முறைக்கேற்ப எந்நேரத்திலும் பார்க்கலாம்.

ஒளிநாடா மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, படம் பார்ப்பவர் படத்தின்மேல் அதிகாரம் பெற்றார். அரங்கில் படம் ஓடும்; பார்ப்பவர் அமர்ந்திருப்பார். வீட்டிலோ படத்தை நிறுத்தலாம், திருப்பலாம், விரைவாக ஓட்டலாம். இரண்டாவது, படம் வீட்டு வேலைகளோடு கலந்தது. சமையலறையில் இருப்பவர் காதால் கேட்பார். கூடத்தில் இருப்பவர் கண்ணால் காண்பார். இடையில் வந்தமர்பவர், ‘இவர் யார்? இதுவரை என்ன நடந்தது?’ என வினவுவார். மூன்றாவது, ஒருவரித் தீர்ப்புக்கு விலையேறியது. நாடாவைத் திருப்பிக் கொடுக்கும் வேளையில், ‘படம் எப்படி?’ என்று கடைக்காரர் கேட்பதும், பக்கத்தில் நிற்பவர் அவ்விடையைக் கேட்டுத் தாமும் அதனையே எடுப்பதும் அல்லது விடுப்பதும் எங்கும் காணத்தக்க வழக்கமாயின. விளம்பரத்தைவிட அண்டை வீட்டாரின் சொல்லே படத்தின் வாழ்வை முடிவு செய்தது. எந்த நாடாவைக் கடைக்காரர் இரண்டாம் படியாக வாங்கிவைப்பது, எதனை அலமாரியின் அடித்தட்டுக்கு ஒதுக்குவது என்பதும் அச்சொல்லையே பொறுத்தது.

ரசனையும் அலசலும்

தற்செயலாகச் சொல்லப்படும் இக்கருத்துக்குத் திறனாய்வு உலகில் இடமுண்டா? இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத் திறனாய்வில் இருபெரும் போக்குகள் எதிரெதிர் நின்றன. க.நா. சுப்ரமண்யம், தேர்ந்த வாசகனின் ரசனையே அளவுகோல் என்னும் நிலையிலிருந்து எழுதினார். சிறந்தவை இவை என்று பட்டியலிட அவர் தயங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நீண்ட காரணம் காட்டுவதைக் கட்டாயமாகக் கொள்ளவுமில்லை. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவோ, படைப்பைப் பகுத்து அலசிக் காட்டுவதே திறனாய்வாளன் கடமை என்றார். முன்னவர் முடிவை முதலில் வைத்தார். பின்னவர் வழியை முதலில் வைத்தார்.

இவ்விரண்டையும் பகையாகக் கருதுவதால் மாணவர்க்கு ஒரு கேடு நேர்கின்றது. ரசனை தம்முடையது, அலசல் ஆசிரியருடையது என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். வீட்டில் ஒரு கருத்து, தேர்வுத்தாளில் மற்றொரு கருத்து என இருவேறு மனங்கள் உருவாகின்றன. உண்மையில் அலசலுக்கு மூலப்பொருள் ரசனையே. ஒன்றும் தோன்றாதவனுக்கு அலசுவதற்கும் ஒன்றுமில்லை. ‘மெதுவாகப் போகிறது’ என்று சொன்னவன் ஏதோ ஒன்றை உணர்ந்திருக்கிறான். அதற்குரிய காரணத்தைத் தேடும் பொறுமையே அவனிடம் இல்லை. அத்தேடலுக்கு மூன்று வினாக்கள் போதும்: எந்த இடத்தில் அவ்வாறு தோன்றிற்று? எதனால் தோன்றிற்று? அவ்விடம் வேறுவிதமாக அமைந்திருப்பின் என்னவாகியிருக்கும்? வாடகை நாடாக்களில் பரவலாகப் பார்க்கப்பட்ட சில படங்களைக் கொண்டு இவ்வினாக்களின் பயனை ஆராயலாம்.

‘நம் வீட்டுக் கதை’

ஏ.வி.எம். நிறுவனத்துக்காக விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986-இல் வெளிவந்தது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான இந்திய நாட்டு விருதையும் அது பெற்றது. இப்படத்தைப் பற்றிக் குடும்பங்களில் எழும் தீர்ப்பு, ‘நம் வீட்டுக் கதை’ என்பதே. கூட்டுக் குடும்பத்தில் பணம் பற்றி எழும் பூசல், தந்தைக்கும் மூத்த மகனுக்கும் இடையே முற்றி, வீட்டின் நடுவே கோடு கிழித்துப் பிரிக்கும் அளவுக்குச் செல்கின்றது. மூத்த மருமகள் உமாவின் முயற்சியால் மனங்கள் ஒன்றுசேர்கின்றன.

இத்தீர்ப்பு எந்த இடத்தில் பிறந்தது? பெரும்பாலும் கோடு கிழிக்கும் காட்சியில்தான். ஒரு கூடமும் இரண்டு அறைகளும் கொண்ட அடுக்குமாடி வீட்டில் இரு தலைமுறையினர் வாழும்போது, கண்ணுக்குத் தெரியாத கோடுகள் எத்தனையோ அங்கே உண்டு. படம் அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி தரையில் வரைந்து காட்டிற்று.

எதனால் அது இவ்வளவு எளிதில் சென்று சேர்ந்தது என்னும் இரண்டாம் வினா இன்னும் பயனுடையது. விசு நாடக மேடையினின்று வந்தவர். இப்படத்தின் உயிர் உரையாடலில் உள்ளது. சமையலறையில் வெங்காயம் நறுக்குபவரும் இப்படத்தை முழுமையாகப் பின்தொடரலாம். கண் விலகினும் காது கதையை விடாது பற்றிக்கொள்ளும். வீட்டு வேலையோடு கலந்து பார்க்கப்பட்ட ஒளிநாடாவுக்கு இதனினும் ஏற்ற படம் வேறில்லை. அதே குணம் கலைநோக்கில் குறையுமாகும். சொல்லால் சொல்லி முடித்துவிடுவதால் காட்சிக்கு வேலை குறைகின்றது. ஓரிடத்தில் எழுந்து நின்று வாதிடும் பாத்திரங்களை, மேடையில் பார்ப்பதுபோல் திரையில் பார்க்க நேரிடுகின்றது.

மூன்றாம் வினா படத்தின் முடிவைப் பற்றியது. எல்லாரும் சேர்ந்து வாழ்வதாக முடித்திருப்பின் பார்ப்பவர் கண்ணீர் துடைத்து மகிழ்ந்திருப்பர். விசு அவ்வாறு செய்யவில்லை. ஒருமுறை உடைந்தபின் ஒரே கூரையின்கீழ் மறுபடியும் வாழ்வதைவிட, தனித்திருந்து அன்பு பாராட்டுவதே மேல் என்று உமா முடிவு செய்கிறாள். ‘நம் வீட்டுக் கதை’ என்று சொன்னவர்கள் இம்முடிவையும் ஏற்றார்களா, அல்லது கண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்களா என்று கேட்டால், ஒருவரித் தீர்ப்பு உடனே ஒரு விவாதமாக விரியும்.

‘அழவைத்துவிட்டது’

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வெளிவந்தது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான நாட்டு விருதும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான விருதும் கிடைத்தன. விபத்தொன்றில் நினைவிழந்து குழந்தையின் மனநிலைக்குத் திரும்பிவிட்ட இளம் பெண்ணை, சீனு என்னும் பள்ளி ஆசிரியன் மீட்டுக் காக்கின்றான். சிகிச்சையால் அவள் பழைய நினைவு திரும்புகையில், அவனோடு வாழ்ந்த நாள்கள் மறந்துபோகின்றன. தொடர்வண்டி நிலையத்தில் அவன் குரங்காட்டம் ஆடித் தன்னை நினைவூட்ட முயல, அவள் அவனைப் பித்தன் என எண்ணிச் செல்கிறாள்.

இப்படத்துக்குக் கிடைத்த தீர்ப்பு கண்ணீரே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இழவு, வறுமை முதலாய நான்கு நிலைக்களன்களைக் குறித்தார். அழுகை ஒன்றேயாயினும் அது தோன்றும் இடம் வேறு வேறு என்பதே அப்பகுப்பின் பொருள். ‘மூன்றாம் பிறை’யின் அழுகை இழவின்பாற் பட்டது. ஆயின் இழந்தவர் யார்? அப்பெண் எதனையும் இழந்ததாக அறியவே இல்லை. சீனு இழந்தான்; அவனோடு பார்ப்பவரும் இழந்தார். அவள் மறந்த நாள்கள் பார்ப்பவர் நினைவில் மட்டும் எஞ்சி நிற்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவர் உடனிருந்து கண்ட அன்புக்கு, இனிச் சான்று கூறவல்லவர் சீனுவையன்றி அவர் ஒருவரே. இறுதிக் காட்சியில் கண் கலங்குவதற்கு நடிப்பு மட்டும் காரணமன்று. பார்ப்பவரைச் சாட்சியாக்கிவிட்ட கதையமைப்பே முதற்காரணம்.

இங்கே ஒளிநாடாவின் ஒரு தீங்கையும் சுட்டுதல் வேண்டும். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கையில் கூச்சம் தரும் காட்சிகளை விரைவாக ஓட்டிவிடுவது இல்லங்களின் வழக்கம். இப்படத்தில் சில்க் ஸ்மிதா ஏற்ற பாத்திரம் வரும் பகுதிகள் அவ்வாறு ஓட்டப்படுவன. முதியவரான தலைமையாசிரியரின் இளம் மனைவி சீனுவை விழைகின்றாள். வணிகத்துக்காகச் சேர்த்த பகுதி இது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையை முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அப்பகுதியை நீக்கிவிட்டால் சீனு எதனை மறுத்து எதனைத் தேர்ந்தான் என்பது மங்கிவிடும். அதனினும் கடினமான வினா ஒன்றும் மறைந்துவிடும்: குழந்தை மனத்தினளான ஒருத்தியிடம் ஓர் ஆடவன் கொள்ளும் அன்பு, காப்பாற்றும் அன்பா, உரிமை கொள்ளும் அன்பா? கண்ணீர் இவ்வினாவை மூடிவிடுகின்றது. அதனைத் திறந்து காட்டுவது திறனாய்வின் பணி.

‘மெதுவாகப் போகிறது’, ‘கதையே இல்லை’

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடிப்படையாகக் கொண்டது. மூலத்தினின்று பெரிதும் விலகிச் சென்றாலும், தாயிழந்த குழந்தைகளின் பார்வை என்னும் விதையை மகேந்திரன் அங்கிருந்தே எடுத்தார். இப்படத்தை வீட்டில் பார்ப்போர் பலர் ‘மெதுவாகப் போகிறது’ என்பர். கதை நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தால் இக்கூற்று பொருந்தாது. கொடுமனக் கணவன் சுந்தரவடிவேல், நோயுற்ற மனைவி, அவள் மரணம், மறுமணம், ஊராரின் சினம் என நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. மெதுவாகத் தோன்றுவது நிகழ்ச்சியன்று; நிகழ்ச்சிகளுக்கிடையே மகேந்திரன் விட்டுவைக்கும் மௌனமே. உரையாடல் ஓய்ந்த இடங்களில் முகங்களும், ஆற்றங்கரையும், குழந்தைகளின் விளையாட்டும் கதையைச் சொல்கின்றன. காதால் மட்டும் படம் பார்ப்பவர்க்கு அவ்விடங்களில் படம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். ‘சம்சாரம் அது மின்சாரம்’ சமையலறைவரை எட்டியதும், ‘உதிரிப்பூக்கள்’ கூடத்தைத் தாண்டாததும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்.

அப்படத்தின் முடிவில் ஊரார் அக்கொடியவனை ஆற்றில் இறங்கிச் சாகப் பணிக்கின்றனர். தன்னைப்போலவே அவர்களையும் ஆக்கிவிட்டதாக அவன் கூறிச் செல்கிறான். கரையில் நிற்கும் குழந்தைகளைக் காணும்போது, தீயவன் அழிந்த மகிழ்ச்சி எவர்க்கும் எழுவதில்லை. நல்லவர் வெல்வர் என்னும் வழக்கமான நிறைவை எதிர்பார்த்திருந்தவரை அது வெறுங்கையோடு அனுப்புகின்றது. ‘மெதுவாகப் போகிறது’ என்று சொல்வதில், சொல்ல இயலாத இந்த அமைதியின்மையும் கலந்திருக்கக் கூடும்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) மற்றொரு தீர்ப்பைப் பெற்றது: ‘கதையே இல்லை.’ பாட்டு இல்லை, சண்டை இல்லை என்பது உண்மை. நடுத்தர வருவாயுள்ள சுதா என்னும் பெண், தங்கையோடும் முதிய பாட்டனோடும் வாழும் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்கின்றது. சொந்தமாக ஒரு வீடு கட்ட முனைகிறாள். அனுமதிச் சீட்டு, கடன், ஒப்பந்தக்காரரின் வஞ்சகம், சிமெண்டுத் திருட்டு என ஒவ்வொரு படியிலும் விலை கொடுக்கிறாள். முடிவில் அந்நிலமே குடிநீர் வாரியத்துக்கு உரியது என்று சொல்லப்படுகின்றது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான நாட்டு விருது கிடைத்தது.

தோட்டத்து லயத்திலிருந்து புறம்போக்குக் குடிசைக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கும் பெயர்ந்து வந்தவர்கள் வாழும் இடத்தில், வீடு ஒன்றே பெருங்கதை. அங்கே இப்படம் ‘கதையே இல்லை’ என்னும் தீர்ப்பைப் பெறுவது நகைப்பும் வருத்தமும் கலந்த முரண். தம் வாழ்வில் நாள்தோறும் நடப்பதனைக் கதை என்று ஏற்கும் பழக்கம் இல்லாமையே இதற்குக் காரணம். கதையென்றால் தமக்கு நடவாதது என்று பன்னூறு படங்கள் பழக்கிவிட்டன. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற பாட்டன், கட்டி முடியாத வீட்டைத் தனியே சென்று சுற்றிப் பார்க்கும் காட்சி இப்படத்தின் உச்சம். அவர் எதுவும் பேசுவதில்லை. சுவரையும் வாயிலையும் கண்ணாலும் கையாலும் அளக்கிறார். அன்றே அவர் உயிரும் பிரிகின்றது. அக்காட்சியில் ஓர் உரையாடலைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால் போதும். அது எவ்வளவு சிறுத்துவிடும் என்பது எவர்க்கும் விளங்கும். மாணவர்க்குப் ‘படிமம்’ என்னும் சொல்லைக் கற்பிக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

‘அவன் மாறினானா?’

ஒருவரித் தீர்ப்பு சிலபோது வினாவாகவே பிறந்துவிடும். மகேந்திரனின் முதற்படமான ‘முள்ளும் மலரும்’ (1978) அத்தகையது. உமாசந்திரனின் நாவலைத் தழுவிய இப்படத்தில், மலைப்பகுதி மின்நிலையத்தில் இழுவைப் பெட்டியை இயக்கும் காளி, தங்கை வள்ளியை உயிராகக் கருதுபவன்; மேலதிகாரியான பொறியாளரை வெறுப்பவன். விபத்தில் ஒரு கையையும், தொடர்ந்து வேலையையும் இழக்கிறான். தங்கையோ அப்பொறியாளரையே விரும்புகிறாள். இறுதியில் அவள் திருமணத்துக்குப் புறப்பட்டவள் அண்ணனை விட்டுச் செல்ல மாட்டாமல் திரும்பி ஓடி வருகிறாள். காளி அவளைத் தானே அழைத்துச் சென்று ஒப்படைக்கிறான். அவ்வேளையிலும் பொறியாளரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்றே கூறுகிறான்.

அவன் மாறினானா, இல்லையா என்று வீட்டில் எழும் வாக்குவாதமே இப்படத்தின் சிறந்த திறனாய்வு. மாறிவிட்டான் என்பவர் அவன் செயலைச் சுட்டுவர். மாறவில்லை என்பவர் அவன் சொல்லைச் சுட்டுவர். இருசாராரும் படத்திலிருந்தே சான்று காட்டுகின்றனர் என்பது கருதத்தக்கது. தங்கை தன்னைத் தேர்ந்துவிட்டாள் என்னும் வெற்றி கிடைத்தபின்பே காளியால் விட்டுக்கொடுக்க முடிந்தது. மேற்பார்வையாளரின் சொல்லுக்கு நாள்தோறும் பணிந்து உழைக்கும் தொழிலாளர்க்கு, தோற்றும் தலைகுனியாத அச்செருக்கு நன்கு விளங்கும். அதேவேளையில், வள்ளியின் விருப்பத்துக்கு அண்ணனின் அனுமதி ஏன் வேண்டியிருந்தது என்று அவ்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்பாளாயின், அதுவும் நேரிய திறனாய்வே.

தேய்ந்த நாடாவின் எல்லை

ஒளிநாடாவில் பார்த்தவர் எப்படத்தைப் பார்த்தார் என்னும் ஐயமும் இங்கு எழுகின்றது. பலர் எடுத்துத் தேய்ந்த நாடாவில் வண்ணம் வெளிறும், திரையில் கோடுகள் ஓடும், உரையாடல் கரகரக்கும். பெருந்திரைக்காக அமைத்த காட்சி சிறு பெட்டிக்குள் ஒடுங்கும்போது இருபுறமும் வெட்டுப்படுவதுண்டு. திருட்டுப் படிகளின் நிலை இதனினும் இழிந்தது. 1987-இல் மலேசியாவில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்த பின்னும் அவை மறைந்தொழியவில்லை. ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் பாலு மகேந்திராவே. மலைப்பகுதியின் இயற்கை ஒளியை அவர் கையாண்ட நுட்பம் தேய்ந்த நாடாவில் வெறும் இருட்டாகவே தெரியும். ஆகவே, ‘படம் இருட்டாக இருக்கிறது’ என்னும் தீர்ப்பு படத்தைப் பற்றியதா, நாடாவைப் பற்றியதா என்று பிரித்தறிதல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வெச்சரிக்கை புதியதாகாது. படி பிழையாயின் உரையும் பிழையாகும்.

அலமாரியில் இல்லாத கதை

வாடகைக் கடையின் அலமாரியில் நூற்றுக்கணக்கான நாடாக்கள் இருந்தன. அவற்றுள் மலேசியத் தமிழரின் வாழ்வு பெரும்பாலும் இல்லை. மதுரையும் கோவையும் சென்னையும் வீட்டுக்குள் வந்தன. பந்திங்கும் காப்பாரும் கிள்ளானும் வரவில்லை. இந்நிலை காலம் தாழ்த்தே மாறத் தொடங்கியது. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), மேற்படிப்பை விழையும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொல்லிற்று. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பங்களையும், அங்கு வளரும் சிறுவனை வன்முறை ஈர்ப்பதையும் காட்டிற்று. 2016-இல் நடைபெற்ற மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

இத்தகைய படங்களுக்கு இருவகைத் தீர்ப்புகளே பெரிதும் கிடைக்கின்றன. ‘நம் நாட்டுப் படம்தானே, குறை சொல்லக்கூடாது’ என்பது ஒன்று. ‘நம் நாட்டுப் படம்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்பது மற்றொன்று. முன்னது இரக்கம், பின்னது இகழ்ச்சி. இரண்டுமே படத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடியவை. ‘வீடு’ படத்தில் பாட்டன் சுவரைத் தடவும் காட்சியைப் பொறுமையோடு பார்க்கக் கற்றவர், ‘ஜகாட்’ படத்தில் வரும் பலகை வீட்டையும் அதே கண்ணோடு பார்ப்பார். ‘வீடு’ கதையில்லாதது என்று ஒதுக்கியவரோ, தம் சொந்தக் கதையையும் கதையென்று அறியாது ஒதுக்குவார். ரசனையைப் பண்படுத்தாத சமுதாயம், தன்னைப் பற்றிய கலையை வளர்க்கும் வலிமையை இழந்துவிடும். ஒருவரித் தீர்ப்பைத் திருத்தும் முயற்சி இக்காரணத்தாலேயே பொழுதுபோக்குச் செய்தியாக நின்றுவிடாமல் பண்பாட்டுக் கடமையாகின்றது.

வகுப்பறையின் பணி

வாடகை நாடாவின் காலம் முடிந்துவிட்டது. 1990-களில் குறுந்தட்டும், 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவும், பின்னர் இணையவழிப் படங்களும் அதன் இடத்தைப் பறித்தன. கடைகள் மூடப்பட்டன. ஆனால் ஒருவரித் தீர்ப்பு மூடப்படவில்லை, மேலும் சுருங்கிற்று. முன்னர் ‘மெதுவாகப் போகிறது’ என்றேனும் தமிழில் ஒரு வாக்கியம் இருந்தது. இன்று கட்டைவிரல் குறியும் விண்மீன் எண்ணிக்கையும் அவ்வாக்கியத்தையும் விழுங்கிவிட்டன. எண்ணால் தீர்ப்பளிப்பது தமிழ் இதழ்களுக்குப் புதியதன்று. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்கு ஆனந்த விகடன் அளித்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு. ஆயின் அன்று அவ்வெண்ணுக்கு முன் ஒரு விமர்சனம் இருந்தது. இன்று எண் மட்டும் தனித்து நிற்கின்றது.

தமிழ் மாணவர் பலர்க்கு வீட்டில் கேட்கும் தமிழில் பெரும்பகுதி திரைப்படத் தமிழே. அத்திரைப்படத்தைப் பற்றி ஒரு காரணத்தைத் தமிழில் சொல்ல இயலாத மாணவன், சங்கப் பாடலைப் பற்றியும் மனப்பாடம் செய்த கருத்தையே எழுதுவான். ஒரு மொழியில் விருப்பு வெறுப்பைச் சொல்ல முடிந்து, அதற்கான காரணத்தைச் சொல்ல முடியாமற்போனால், அம்மொழி மெல்ல மெல்லக் கூப்பிடவும் கொஞ்சவும் மட்டுமே பயன்படும். எண்ணுவதற்கு வேறொரு மொழி வந்து அமர்ந்துகொள்ளும். இவ்விழப்பு எந்த அறிவிப்பும் இன்றி நேர்வது.

இதனைத் தடுக்கப் பெரிய ஏற்பாடுகள் வேண்டுவதில்லை. மாணவன் அண்மையில் பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு வரியை ஆசிரியர் இகழாமல் கரும்பலகையில் எழுதலாம். எந்த இடத்தில், எதனால், வேறுவிதமாயின் என்ன என்னும் மூன்று வினாக்களை அதன்கீழ் இடலாம். விடைகள் முரண்பட்டால், இருவரும் படத்திலிருந்தே சான்று காட்டும்படி பணிக்கலாம். அன்றைய வகுப்பு முடிவதற்குள் அவ்வொரு வரி ஒரு பத்தியாகியிருக்கும். மெய்ப்பாடும் உரிப்பொருளும் பாடநூலின் பழஞ்சொற்களாகத் தோன்றாமல், கைக்கு வசப்பட்ட கருவிகளாகத் தோன்றும்.

‘பரவாயில்லை’ என்று சொல்லும் மாணவனிடம் ‘ஏன்?’ என்று பரிவோடு கேட்பவர் வேண்டும். அவ்வினாவுக்குத் தமிழில் விடை தேட அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் திறனாய்வு தொடங்குகின்றது.